மாப்பிள்ளை வீட்டுக் கிளி

"என்னங்க, இன்னைக்குப் பதினொன்னு."

ரமணி குப்பை முறத்தை நீட்டினாள். முருங்கைக்கீரைக் காம்புகளுக்கு நடுவே சாம்பல் நிற இறகுகள் பதினொன்று கிடந்தன. கன்னையா முறத்தைப் பார்த்தார், பிறகு கூண்டைப் பார்த்தார். கூண்டுக்குள் மணியம் தன் நெஞ்சிலிருந்து பன்னிரண்டாவதை நிதானமாகப் பிடுங்கி, வெளிச்சத்தில் ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுக் கீழே போட்டது.

"தேத்தண்ணி குடிச்சாச்சோ?" என்று கேட்டது.

"குடிச்சாச்சுங்க," என்றார் கன்னையா.

கிளிக்கு யாராவது 'ங்க' போடுவார்களா என்று கேட்காதீர்கள். மணியம் சாதாரணக் கிளி இல்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, சிவப்பு வால், லைசென்ஸ் எல்லாம் உண்டு. அதைவிட முக்கியம், அது மாப்பிள்ளை வீட்டுக் கிளி.

கன்னையாவின் ஒரே மகள் விஷ்ணுப்ரியாவும் சுபாங் ஜெயாவிலிருக்கும் சிவசம்புவின் மகன் சஞ்சீவும் ஒன்றாகப் படித்து, ஒன்றாகவே இருப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். பெரியவர்களும் சம்மதித்து, நிச்சயதார்த்தம் மட்டும் பாக்கி. சிவசம்பு வீட்டார் யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். கன்னையா கிள்ளான் துறைமுகத்தில் முப்பத்து மூன்று வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். "எங்களுக்கு அப்பிடி ஒரு வித்தியாசமும் இல்லை" என்று அவர்கள் வாய் நிறையச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன அன்றிலிருந்துதான் கன்னையாவுக்குப் பயம் பிடித்தது.

நவம்பரில் சிவசம்புவும் அவர் மனைவி குணேஸ்வரியும் மூத்த மகளின் பிரசவத்துக்காக லண்டன் கிளம்பினார்கள். நாலு மாதம். சஞ்சீவுக்குப் பினாங்கில் வேலை. கிளியை யார் பார்ப்பது?

"எங்கட பிள்ளை மாதிரி, அண்ணை," என்று குணேஸ்வரி கூண்டைக் கன்னையா வீட்டு வாசலில் இறக்கி வைத்தார். "மணியம்தான் எங்கட வீட்டுச் சகுனம். அவன் வடிவா இருந்தா எல்லாம் நல்லா நடக்கும். நாங்கள் திரும்பி வந்ததும் நிச்சயத்துக்கு நாள் வைப்பம்."

கார் திருப்பத்தில் மறைந்ததும் ரமணி சொன்னாள்: "பரீட்சை வைக்கிறாங்க. கிளியைப் பார்த்துக்கற லட்சணத்துல நம்ம வீட்டு லட்சணத்தை எடை போடுவாங்க."

கன்னையாவுக்கு அது தெரியாதா? அன்று முதல் வீட்டில் யாரும் கிளியை ஒருமையில் கூப்பிடவில்லை.

குணேஸ்வரி இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார். என்ன சாப்பிடும், என்ன சாப்பிடக் கூடாது, எத்தனை மணிக்குத் தூங்கும், டிவி சத்தம் ஆகாது. எல்லாம் முத்து முத்தான கையெழுத்து. கடைசி வரி மட்டும் வேறு கை, சாய்ந்த எழுத்து: 'கூண்டை முகம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.' அது சிவசம்புவின் எழுத்து. வருடத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிற மனிதர். அவர் மெனக்கெட்டுப் பேனா எடுத்து எழுதியிருக்கிறாரே என்று கன்னையாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. காரணம் எழுதவில்லை.

முதலில் கூண்டை வாசல் போர்ச்சில் மாட்டினார்கள். அரை மணி நேரத்தில் பக்கத்து லோரோங் சந்திலிருந்து பூனைகள் மூன்று வந்து கீழே வரிசையாக உட்கார்ந்துகொண்டன. ஹாலில் டிவி. அறைகளில் வெளிச்சம் இல்லை. மிஞ்சியது சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், கை கழுவுகிற தொட்டிக்கும் அதன் மேல் மாட்டிய கண்ணாடிக்கும் எதிரே இருந்த மூலைதான்.

"அங்க வேணாம்னு எழுதியிருக்காரே," என்றாள் ரமணி.

"தண்ணி தெறிக்கும்னு எழுதியிருப்பாரு. நான் தெறிக்காம கழுவிக்கறேன், விடு."

மூன்றாவது வாரம் இறகு உதிர ஆரம்பித்தது.

விஷயம் முதலில் தெரிந்தது பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்காவுக்கு. அவருக்குத் தெரியாமல் அந்தத் தாமான் குடியிருப்பில் ஒரு தேங்காய்கூட உடையாது. கூண்டைச் சுற்றி வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அம்மை லா கன்னையா! ஆத்தா வந்திருக்கா!"

"கிளிக்கா, அக்கா?"

"ஆத்தாவுக்குக் கிளின்னா உயிரு. கையிலயே வச்சிருக்கா, பார்த்ததில்ல? மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு தண்ணி ஊத்து. மூணு தண்ணி."

மூன்று தண்ணி ஊற்றினார்கள். மணியம் ஒவ்வொரு தண்ணிக்கும் "ஐயோ கடவுளே" என்று குணேஸ்வரியின் குரலிலேயே கத்தியது. இறகு உதிர்வது நிற்கவில்லை. சாம்பல் கிளி மஞ்சள் கிளியானதுதான் மிச்சம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு ஞாயிறும் மாலை நாலு மணிக்கு லண்டனிலிருந்து வீடியோ கால் வரும். நலம் விசாரிப்பதெல்லாம் பேருக்குத்தான். குணேஸ்வரிக்கு மணியத்தைப் பார்க்க வேண்டும்.

"என்னண்ணை, மணியம் மஞ்சளாக் கிடக்கு?"

கன்னையா பல்பை அண்ணாந்து பார்த்தார். ரமணிதான் சமாளித்தாள்.

"புது பல்பு அக்கா. சோறுகூட மஞ்சளாத்தான் தெரியுது எங்களுக்கு."

திரையின் ஓரத்தில் சிவசம்பு மங்கி குல்லா மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லண்டன் குளிர். கண்ணும் மூக்கும்தான் தெரிந்தன. அவர் கிளியை உற்றுப் பார்த்தார், பிறகு கன்னையாவை உற்றுப் பார்த்தார், குறிப்பாக அவர் நெற்றிக்கு மேலே.

சம்பந்தி தன் தலைமுடியைத்தான் பார்க்கிறார் என்று கன்னையாவுக்குப் புரிந்தது. அந்தக் கலவரத்திலும் கொஞ்சம் இனித்தது. பாவம், வழுக்கைக்காரருக்கு ஏக்கம் இருக்காதா?

இந்த இடத்தில் கன்னையாவின் முடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு ஒரு முடி கொட்டவில்லை. வாரி விட்டால் அலையடிக்கும். படிப்பு, உத்தியோகம், இங்கிலீஷ் என்று எதை எடுத்தாலும் சம்பந்தி ஒரு படி மேல்தான். தலை ஒன்றில் மட்டும் கன்னையா பத்துப் படி மேல். சிவசம்புவின் மண்டையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். நிச்சயதார்த்த ஃபோட்டோவில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கப் போகிறார்கள். அந்த ஃபோட்டோவைக் கன்னையா மனசுக்குள் பலமுறை எடுத்துப் பார்த்திருந்தார். அதற்காகவே தினமும் காலையில் கண்ணாடி முன்னால் உழைப்பு நடந்தது. சாயம் பூசினால் அவருக்கு அரிப்பு வரும். ஆகவே மகளின் ட்வீசரை எடுத்துக்கொண்டு, நரைத்ததை மட்டும் தேடித் தேடி எடுத்துவிடுவார்.

மஞ்சள் தண்ணிக்குப் பிறகு கணக்கு இருபதைத் தாண்டியது. விஷ்ணுப்ரியா பொறுமை இழந்தாள்.

"அப்பா, அம்மையும் இல்ல ஆத்தாவும் இல்ல. டாக்டர்கிட்ட போகலாம். சுபாங்லயே பறவை டாக்டர் இருக்காங்க."

"சுபாங்லயா? அவங்க ஊர்ல போயி அவங்க கிளியைக் காட்டணுமா? சாயங்காலத்துக்குள்ள லண்டனுக்குச் செய்தி போயிடும்!"

பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனார்கள். டாக்டர் மாதவி சின்ன வயசுக்காரி. கூண்டுத் துணியை விலக்கியதும் மூக்கைச் சுளித்தாள்.

"என்ன அங்கிள், மசாலா தடவியிருக்கீங்க? பொரிக்கறதுக்கா?"

கன்னையா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் ரத்தம் எடுத்தாள், பூச்சி இருக்கிறதா என்று பார்த்தாள், எடை போட்டாள். எல்லாம் சரியாக இருந்தது.

"உடம்புல ஒன்னுமில்ல அங்கிள். சில கிளி போரடிச்சா பிடுங்கும், இடம் மாறினா பிடுங்கும், பயந்தா பிடுங்கும். காரணத்தைக் கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம். ஆனா ஒன்னு எனக்கே புதுசா இருக்கு. வாலைத் தொடவே இல்ல பாருங்க. சிவப்பு ஒன்னுகூடப் போகல. சாம்பலை மட்டும் தேடித் தேடிப் பிடுங்குது."

"அதுக்கு என்ன அர்த்தம் டாக்டர்?"

"தெரியல. வீட்டுல யாராவது அதுகூட நேரம் செலவழிக்கறீங்களா?"

"நான் தினமும் காலையில பக்கத்துலயே நிக்கறேன் டாக்டர். அரை மணி நேரம். கண்ணைக் கூடச் சிமிட்டாம என்னையே பார்த்துட்டு இருக்கும்."

டாக்டர் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா? உங்க மேல பிரியம் வந்துடுச்சு. அரை மணி பத்தாது அங்கிள். ஒரு மணி நேரம் நில்லுங்க."

டாக்டர் சொல்லைக் கன்னையா தட்டவில்லை. ஒரு மணி நேரம் நின்றார். ஆனால் ஒரு மணி நேரம் ஒரு மனிதன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்க முடியுமா? தலை முடிந்து மீசைக்கு வந்தார், மீசை முடிந்து புருவத்துக்குப் போனார். மணியம் கம்பியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, அவரை விட்டுப் பார்வையை எடுக்காமல் இருந்தது. அந்தப் பாசத்தைப் பார்க்கும்போது கன்னையாவுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

பொங்கலுக்கு முந்தின நாள் மணியம் கழுத்துக்குக் கீழே பாசாரில் தொங்குகிற கோழி மாதிரி ஆகியிருந்தது. தலை மட்டும் கிளி, வால் மட்டும் கிளி. நடுவில் வெறும் ரோஸ் நிறத் தோல்.

"நாளைக்குப் பொங்கல். கட்டாயம் கால் பண்ணுவாங்க," என்றார் கன்னையா.

ரமணி தையல் மெஷினை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் ரவிக்கைத் துணியில் மிச்சமிருந்த அரக்குப் பட்டில், ஜரிகைக் கரையோடு, இரண்டு பக்கமும் இறக்கைக்கு ஓட்டை விட்டு ஒரு சட்டை தயாரானது. அதை மாட்டுவதற்குள் மூன்று பேர் விரலிலும் ரத்தம்.

"ஐயோ, இஞ்சை பாருங்கோவன்!" என்று மறுநாள் குணேஸ்வரி திரையில் கூவினார். "மணியத்துக்குப் பட்டுச் சட்டை!"

"பொங்கல் புதுச்சட்டை, சம்பந்தி," என்றார் கன்னையா. "வீட்டுல எல்லாருக்கும் எடுத்தோம். அவரை மட்டும் விட முடியுமா?"

குணேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. "நாங்கள் ஒருநாளும் அவனுக்குப் புதுச்சட்டை எடுத்துக் குடுக்கேல்லை, அண்ணை. உங்கட வீட்டில பொம்பிளை எடுக்க நாங்கள் குடுத்து வச்சிருக்க வேணும். மார்ச் மாசம் வந்த உடனே அவனைக் கட்டிப்பிடிச்சு, அந்த நெஞ்சு இறகில முகத்தை வச்சுக்கொண்டுதான் மற்றக் கதை."

போனை வைத்தார்கள். மணியம் சட்டையைக் கிழித்து முடிக்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டது.

"உண்மையைச் சொல்லிடலாம்ப்பா," என்றாள் விஷ்ணுப்ரியா.

"சொன்னா என்ன ஆகும்?"

"ஒன்னும் ஆகாது." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கண் சிவந்திருந்தது. கிரேன் மேலே எண்பது அடி உயரத்தில் புயல் காற்றில் உட்கார்ந்தபோதுகூடக் கன்னையாவுக்கு அப்படிப் பயம் வந்ததில்லை.

"முருகன்தான் கதி," என்றார். "வேண்டிக்கப் போறேன். மணியத்துக்கு இறகு முளைச்சா பத்துமலையில மொட்டை போட்டுக்கறேன்."

ரமணி அவரை நம்ப முடியாமல் பார்த்தாள். இந்த மனிதரா? தலையணை உறை முரடாக இருந்தால் முடி உடைகிறது என்று சண்டை போடுகிறவரா?

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். நிச்சயதார்த்தம் முடியட்டும், ஃபோட்டோ எல்லாம் எடுத்துடுவோம், அடுத்த தைப்பூசத்துக்கு..."

"முருகன் என்ன ஸ்டூடியோக்காரரா, உங்க ஃபோட்டோ முடியற வரைக்கும் காத்திருக்க? இந்தத் தைப்பூசத்துக்கே போடுங்க. மீசையோட."

"மீசையுமா?"

"உங்களுக்கு மக முக்கியமா, மீசை முக்கியமா?"

கேட்கிற விதமாகக் கேட்டால் யார்தான் என்ன பதில் சொல்ல முடியும்? தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில், காவடிக் கூட்டத்துக்கு நடுவே, கன்னையா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். சவரக்காரர் தலையில் தண்ணீர் தெளித்துத் தடவிப் பார்த்து, "என்னா முடிண்ணே, விக்கலாம் போல இருக்கு," என்றார். கன்னையா கண்ணை இறுக மூடிக்கொண்டார். அலையலையாக மடியில் விழுந்ததை அவர் திறந்து பார்க்கவே இல்லை. மகளுக்காக அழுதாரா முடிக்காக அழுதாரா என்று கேட்டால் அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் மணியம் சந்தனம் பூசிய தலையைப் பார்த்துக் கம்பியின் கோடிக்கு ஓடியது.

"ஆர் வந்திருக்கினம்?" என்று கேட்டது.

"நான்தாங்க."

மணியம் நம்பவில்லை. இரண்டு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. மொட்டையும் போட்டாயிற்று, இருந்த பாசமும் போயிற்று என்று கன்னையா இடிந்துபோனார். ஆனாலும் டாக்டர் சொன்ன ஒரு மணி நேரத்தை அவர் விடவில்லை. கண்ணாடி முன்னால் அவருக்கு இனி ஒரு வேலையும் இல்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு துறைமுகக் கதைகளைச் சொன்னார். எந்தக் கப்பலில் என்ன வந்தது, எந்த ஃபோர்மன் எப்படித் திட்டுவான், எல்லாம் சொன்னார். மணியம் தலையைச் சாய்த்துக் கேட்டது.

ஐந்தாம் நாள் ரமணி முறத்தை நீட்டினாள். "நாலுதான்."

பத்தாம் நாள் ஒன்று. பிறகு முறத்தில் முருங்கைக்கீரைக் காம்பு மட்டும்.

மூன்றாவது வாரத்தில் மணியத்தின் நெஞ்சில் ஊசி ஊசியாக முளைவிட்டது. ரமணி கூண்டுக்கே சூடம் காட்டினாள். நல்லம்மாள் அக்கா வந்து, எல்லாம் தன் மஞ்சள் தண்ணி நின்று வேலை செய்ததுதான் என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். கன்னையா முருகன் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். வாழ்க்கையில் அவர் கேட்டது எதுவும் இவ்வளவு சீக்கிரம் கிடைத்ததில்லை.

"இறகு முழுசா வளர்ற வரைக்கும் தலையில ஒரு முடி தெரியக் கூடாது," என்று ரமணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கன்னையாவும் மறுக்கவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை முடிவெட்டும் லோகனிடம் போய் உட்கார்ந்தார்.

மார்ச் கடைசியில் சிவசம்புவும் குணேஸ்வரியும் சஞ்சீவோடு கிள்ளானுக்கு வந்து இறங்கினார்கள். கேட்டைத் திறந்த கன்னையா அப்படியே நின்றுவிட்டார்.

சிவசம்புவின் தலையில் முடி! கொஞ்சநஞ்சம் இல்லை, கருப்பும் வெள்ளையுமாக அடர்ந்து, வகிடு எடுத்துப் பக்கவாட்டில் வாரிய முடி. ஆள் பத்து வயது குறைந்து தெரிந்தார்.

"லண்டன் தண்ணியில ஏதோ இருக்கு, அண்ணை," என்றார் குணேஸ்வரி பெருமையாக. "நாலு வருசமா முட்டை மாதிரி இருந்த தலை. போய் ஒரு மாசத்தில பொங்கி வந்திட்டுது! அது சரி, உங்களுக்கென்ன நடந்தது?"

"வேண்டுதல், சம்பந்தி," என்றார் கன்னையா, தன் வெறும் தலையைத் தடவிக்கொண்டே. அந்த ஒரு படியும் போய்விட்டது.

அதற்குமேல் குணேஸ்வரி கேட்கவில்லை. உள்ளே ஓடினார். மணியம் சாம்பல் இறகு மினுமினுக்க, சிவப்பு வாலை ஆட்டிக்கொண்டு, "தேத்தண்ணி குடிச்சாச்சோ?" என்றது. குணேஸ்வரி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்மினார். "போகேக்க இருந்ததை விட வடிவா இருக்கிறான், ரமணி. என்ன குடுத்தனீங்கள் இவனுக்கு?"

"ஒன்னும் இல்ல அக்கா. பாசந்தான்," என்றாள் ரமணி, கூசாமல்.

தேநீர் வருவதற்குள் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. விஷ்ணுப்ரியா அப்பாவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கன்னையா தலைமுடியை மறந்தார். நிஜமாகவே மறந்தார். இதற்கு ஒரு மொட்டை என்ன, ஒன்பது மொட்டை போடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அப்போது சிவசம்பு தொண்டையைக் கனைத்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மணியம் இனி இங்கயே இருக்கட்டும்," என்றார்.

குணேஸ்வரி திடுக்கிட்டார். "என்னப்பா சொல்லுறீங்கள்?"

"இனி நாங்கள் ஆறு மாசம் லண்டன், ஆறு மாசம் இஞ்சை. அவனுக்கு நிலையா ஒரு இடம் வேணும். இவையளை விட ஆர் நல்லாப் பார்க்கப் போகினம்? கிழமைக்கு ஒருக்கா வந்து பார்ப்பம்."

ஒரு வருடத்துக்கான பேச்சை அவர் ஒரே மூச்சில் பேசிவிட்டார். குணேஸ்வரி மணியத்தைப் பார்த்தார், ரமணியைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சியபடி மெல்லத் தலையாட்டினார். பிள்ளையாக வளர்த்ததைத் தூக்கிக் கொடுக்கிறாரே, இந்த மனிதரோடா தலையை வைத்துப் போட்டி போட்டோம் என்று கன்னையாவுக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து போய்ச் சம்பந்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"அப்படியே நில்லுங்க, ஃபோட்டோ!" என்று விஷ்ணுப்ரியா போனைத் தூக்கினாள். "கிளியையும் நடுவுல வச்சுக்கோங்க. அப்பா, சிரிங்க!"

மொட்டைத்தலையோடு கன்னையா சிரித்தார். அலையடிக்கும் முடியோடு சிவசம்புவும் சிரித்தார். சிரிப்பைக் கலைக்காமலே கன்னையாவின் காதுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தார்.

"குணேஸ்வரிக்குச் சொல்லிப்போடாதேங்கோ, சம்பந்தி: எனக்கு வழுக்கையே இல்லை, நான் கண்ணாடிக்கு முன்னால நரைமுடி பிடுங்கினதைப் பார்த்துத்தான் உவனும் சாம்பலைப் பிடுங்கத் தொடங்கினவன், நரை தெரிஞ்சா எனக்குக் கை சும்மா இராது, அதால நாலு வருசமா விடியக்காலமை எழும்பிக் களவாத் தலையை வழிச்சுக்கொண்டு இருந்தனான்... இனி உங்கட முறை."